பழைய ஃபைபர் படகுக்கு எந்த ரெசின்: பாலியெஸ்டரா, எபாக்சியா?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையோரக் கிராமங்களில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இப்போது இருபது வயது. மணலில் கவிழ்ந்து கிடக்கிற ஒன்றை மலிவாக வாங்கி, கொல்லைப்புறத்தில் போட்டுத் தானே சரிசெய்ய இறங்குகிறவர் முதலில் முட்டிக்கொள்வது, ஃபைபர் நாரை ஒட்டி இறுக்கும் ரெசின் பாலியெஸ்டரா, எபாக்சியா என்கிற இந்தக் கேள்வியில்தான். நானும் முட்டிக்கொண்டேன்.

காசு என்று பார்த்தால் பேச்சே இல்லை, பாலியெஸ்டர்தான். எபாக்சிக்குக் கொடுக்கிற பணத்தில் அதை இரண்டு மடங்காவது வாங்கலாம். படகே அதில் செய்ததுதான் என்பதால் ஃபைபர் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். வெயில் கொளுத்தினால் குறைத்துக்கொள்ளலாம். எபாக்சியில் இந்தச் சலுகை கிடையாது. அதை இறுகவைக்கிற ஹார்ட்னர் டப்பாவில் 100-க்கு 10 என்று போட்டிருந்தால் தராசு வைத்து 10-தான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் கடைசிவரை முழுசாக இறுகாது. கலந்ததைக் குவளையிலேயே விட்டுவைத்தாலும் வம்பு. சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

பாலியெஸ்டரிலும் ஆபத்து உண்டு. இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். பாலியெஸ்டரின் நாற்றமோ பக்கத்து வீட்டுக்காரரைச் சண்டைக்குக் கூப்பிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. உண்மையான வித்தியாசம் தெரிவது எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே அங்கே பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி அது உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் ‘டக் டக்’ என்னும், கெட்ட இடம் ‘பொத்’ என்னும். என் படகில் உள்தோலை வெட்டித் திறந்தபோது பிளைவுட், வடிகட்டின டீத்தூள் மாதிரி கையில் வந்தது.

ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளை வாங்கி, சிக்கனம் பார்த்துப் பாலியெஸ்டரிலேயே ஒட்டினேன். ஒரு மழைக்காலம் போனது. ஓரத்தில் விரல் விட்டு இழுத்தால் வாழைமட்டை உரிவதுபோல் உரிந்தது. பாலியெஸ்டர் மரத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஈரம் பட்டால் இன்னும் மோசம். பழைய ஃபைபரோடும் அதன் பிடிப்பு எபாக்சி அளவுக்கு வராது. இரண்டாம் முறை எபாக்சியில் ஒட்டினேன். அது இன்றுவரை அசையவில்லை.

அதற்காகப் படகு முழுக்க எபாக்சி பூசுவது வீண் செலவு. மேல்தளக் கீறல், உள்பக்கப் பெட்டி, சின்னச் சில்லு இவற்றுக்குப் பாலியெஸ்டர் தாராளம். ஆனால் வரிசை முக்கியம். பாலியெஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது, படகின் வெளிப்பளபளப்புப் பூச்சான ஜெல்கோட்டும் அப்படித்தான். அதனால் எபாக்சி போட்ட இடத்துக்குப் பெயின்ட்தான். எப்படியும் எபாக்சி வெயில் தாங்காது, மூடித்தான் ஆக வேண்டும்.

ரெசினில் நனைத்து ஒட்டுகிற ஃபைபர் விரிப்பான மேட் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சாதாரண நறுக்கு மேட்டின் நாரைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். எபாக்சியில் அது விறைத்துக்கொண்டு வளைவுகளில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணி கேளுங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட வேண்டும்.

கடைசியாக எஞ்சின் போல்ட். துளையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இனி தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.