படித்தவர்களிடம் பிரமாதமாக எடுபடும் சீட்டுக்கட்டு

மேஜிக் சாமான் விற்பவர்கள் இதை ஸ்வெங்காலி டெக் என்பார்கள். 52 சீட்டில் 26 ஒரே சீட்டு. நான் வாங்கிய கட்டில் அது இஸ்பேட் ராணி. ராணிகள் மட்டும் மயிரிழை குட்டை. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். ஓரத்தைப் பிடித்துச் சரசரவென்று உதிர்த்தால் ஜோடி ஜோடியாக விழுவதால் விதவிதமான சீட்டுகள்தான் கண்ணில் படும். எதிரில் இருப்பவர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அவர் கைக்குப் போவது ராணிதான்.

ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம் செய்து காட்டினேன். புள்ளியியல்காரர் உடனே நிகழ்தகவுக் கணக்கில் இறங்கிவிட்டார். இயற்பியல்காரருக்கு என் மோதிரத்தின் மேல் சந்தேகம், காந்தமாம். தாங்கள் எடுத்த சீட்டு எனக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம், எல்லாமே கேட்க அழகாக இருந்தது. கட்டைக் கொடு, விரித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பாவம், அவர்கள் பழகுவது பொய் சொல்லாத பொருள்களோடு. கருவி பழுதாகும், அளவு பிசகும், சரி. ஆனால் எந்தக் கரைசலும் ஆளை ஏமாற்றத் திட்டம் போடாது. என் அக்கா மகளோ முதல் தடவையே கட்டைப் பிடுங்க வந்தாள்.

1979-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இதுவே பெரிய அளவில் நடந்தது. மனோசக்தியை ஆராய வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் டாலர் நன்கொடை வந்தது. பொறுப்பாளர் பீட்டர் பிலிப்ஸ், இயற்பியலாளர். மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி இரண்டு பையன்களைச் சக்தி உள்ளவர்கள் என்று அங்கே அனுப்பிவைத்தார். எதிலெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஆய்வகத்துக்கே அவர் கடிதமும் எழுதியிருந்தார்! கரண்டிகளில் நூலால் கட்டிய அடையாளச் சீட்டுகளைப் பையன்கள் மாற்றிக் கட்டினார்கள். மறுபடி அளந்தவர்கள் கையில் இருந்தது வேறு கரண்டி, அவர்களுக்கோ பழைய கரண்டியே வளைந்துவிட்ட மாதிரி தெரிந்தது. ஏமாற்றுகிறீர்களா என்று யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ராண்டியின் நிபந்தனை. யாரும் கேட்கவில்லை. 1983-ல் அவரே உண்மையை வெளியிட்டார்.

கட்டுக்கு வருவோம். சீட்டு வழவழப்பு, உதிர்ப்பது சுலபம். செய்முறைத் தாள்தான் மோசம், படத்தைப் பார்த்து ஒன்றும் புரியாது. ஓரம் நைந்தால் ஜோடி பிரிந்து விழும், ராணிகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். இதே முதுகு டிசைனில் சாதாரணக் கட்டு ஒன்றும் சேர்த்துத் தந்திருக்கலாம். அக்கா மகள் மாதிரி யாராவது கேட்டால் மாற்றிக் கொடுக்க அது வேண்டும். தனியாகத் தேடித்தான் வாங்கினேன்.