சிங்க்குக்குக் கீழே எது தாங்கும்: சிப்போர்டா, பிளைவுட்டா, அலுமினியமா?

குசினியைப் புதுப்பிக்க முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அலமாரிக் கதவின் நிறத்தையும் பளபளப்பையும்தான். மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊரில், செம்பனைக் காட்டை அழித்துச் சமன்படுத்திய நிலத்தில் எழுந்த தாமான் வீடுகளில் குடியிருப்பவர்கள் அலமாரியின் அடிப்பாகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுக் குசினியை மாற்றியபோது சிப்போர்டு, பிளைவுட், அலுமினியம் ஆகிய மூன்றுக்கும் விலை கேட்டோம். முடிவில் கீழ்வரிசைக்கு அலுமினியமும் மேல்வரிசைக்குப் பிளைவுட்டும் என்று அமைத்துக்கொண்டோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிப்போர்டிலும் பிளைவுட்டிலும் வேண்டிய நிறமும் வடிவமும் கிடைக்கும். அலுமினியத்தில் தேர்வு குறைவு. மரநிறப் பூச்சு கொடுத்தாலும் அருகில் நின்று பார்த்தால் உலோகம் என்று தெரிந்துவிடும். விலை எங்கும் அடிக்கணக்கில்தான் சொல்லப்படுகிறது. மேல்வரிசை, கீழ்வரிசை, ஆளுயர அலமாரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, மேசைத்தளத்துக்கு வேறொரு விலை என்பதால், ஒரு குத்தகையாளர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன தொகையையும் இன்னொருவர் பிரித்துச் சொன்ன தொகையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் சிப்போர்டு மிக மலிவாகவும், நல்ல பிளைவுட்டும் அலுமினியமும் கிட்டத்தட்ட ஒரே அளவிலும் இருந்தன. பட்டணத்துக் கடைகளில் இந்தக் கணக்கு மாறலாம்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். அதிலும் சிங்க்குக்கு அடியில் இருக்கும் அந்த ஓர் அறையின் பராமரிப்பு. நம் வீட்டுச் சமையல் தண்ணீர்ச் சமையல். அரிசி களைவது, மீன் கழுவுவது, கிரைண்டர் கல்லை ஊற்றிக் கழுவுவது, இரவில் குசினித் தரையையே தண்ணீர் விட்டுத் தள்ளுவது என்று நாள் முழுவதும் ஈரம்தான். போதாததற்கு நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கழிவுக் குழாயின் மூட்டில் கசியும் ஒரு துளி கதவு மூடிய அறைக்குள் காய வழியின்றிக் கிடக்கும். மேலே விலையுயர்ந்த கல்லைப் போட்டாலும் அலமாரியின் ஆயுளை நிர்ணயிப்பது அந்தத் துளிதான்.

சிப்போர்டு என்பது மரச்சீவலைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. வழக்கமாகப் பயன்படும் யூரியா பார்மால்டிஹைடு பசை நீண்ட ஈரத்தைத் தாங்காது. மேலும் கீழும் ஒட்டிய மெலமைன் தாள் நீரை நன்றாகவே தடுக்கும். தொல்லை வருவது வெட்டு விளிம்பில். கடையில் காட்டும் மாதிரியில் நான்கு விளிம்பும் பிளாஸ்டிக் பட்டையால் மூடப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்து குழாய்க்காகத் துளையிடும்போது, அந்தத் துளையின் உள்வட்டத்தில் மரச்சீவல் அப்படியே திறந்து நிற்கும். அதன் வழியே நீர் ஏறினால் பலகை தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல உப்பும். காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அடுத்ததாகக் கீல் திருகுகள் பிடி இழந்து கதவு தொங்கத் தொடங்கும்.

உள்ளே பச்சை நிறமாக இருக்கும் பலகையைக் காட்டி, இது தண்ணீர் தாங்கும் என்று விற்பவர்கள் உண்டு. பச்சை என்பது அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம் மட்டுமே. அத்தகைய பலகை ஈரக்காற்றைச் சாதாரணப் பலகையைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. தேங்கும் நீரைத் தாங்கும் என்பதற்கு அந்த நிறம் உத்தரவாதம் ஆகாது. ஐயமிருந்தால் பட்டறையில் ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு கிண்ணத் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் அதன் தடிமனை அளந்து பார்க்கலாம். துண்டு தர மறுக்கும் கடையை விட்டுவிடுவது நல்லது.

பிளைவுட் இதைவிடப் பல மடங்கு மேல். மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் பலகை எளிதில் வளையாது, திருகும் இறுக்கமாகப் பிடிக்கும். கொதிநீரையும் தாங்கும் பசையில் ஒட்டியதா, உள்ளறைப் பயன்பாட்டுக்கான பசையில் ஒட்டியதா என்று கேட்டு வாங்கினால் கசிவையும் ஓரளவு சமாளிக்கும். கரையானுக்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை. எந்தப் பசையில் ஒட்டினாலும் உள்ளே இருப்பது மரம்தான்.

இங்கேதான் நம் ஊரின் மண் பேச்சுக்கு வருகிறது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். நூறாண்டுக்கு மேல் மரம் நட்டு, வெட்டி, மறுபடி நட்ட வட்டாரம் இது. நிலத்தைச் சமன்படுத்தும்போது புதையுண்டு போகும் வேரும் தூரும் மண்ணுக்கடியில் கரையானுக்குப் பல காலத்துக்கான தீனியாகிவிடும். தோட்டத்தில் ரப்பர் மரத்தையும் சதுப்பு நிலத்துச் செம்பனையையும் அரிக்கும் கோப்டோடெர்மஸ் வகைக் கரையான்கள்தாம் நம் நாட்டு வீடுகளையும் அதிகம் கெடுக்கின்றன. அவை மண்ணோடும் ஈரத்தோடும் தொடர்பு அறுபடாமல் நகர்பவை. தரை வெடிப்பு வழியே ஏறி, அலமாரியின் அடிப்பலகைக்குப் பின்னால் பென்சில் பருமனில் மண்குழாய் கட்டிக்கொண்டு மேலே போகும்.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் கண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அலமாரி புதியது போலவே இருந்தது. அந்த வீட்டு அக்கா சிங்க்குக்குப் பக்கத்துப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் அப்படியே உள்ளே போயிற்று. மெலமைன் தாள் மட்டும் கெடாமல் நிற்க, பலகை இருந்த இடத்தில் ஈர மண் இருந்தது. “பாரும்மா, கதவு மட்டுந்தான் மிச்சம்” என்றார்.

ரப்பர் மரப்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலருடைய குடும்பம் அந்த மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போயிற்று. இன்று மூவார் போன்ற இடங்களில் அது ஏற்றுமதித் தளவாடமாகிறது. வெளிர் நிறமும் நல்ல வழவழப்பும் கொண்ட மரம் என்றாலும், வெட்டியவுடன் பூஞ்சையும் வண்டும் பிடிக்கும் என்பதால் போரான் உப்பில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தியே பயன்படுத்துகிறார்கள். அந்த உப்பு நீரில் கரைந்து வெளியேறக்கூடியது. ஆகவே மேல்வரிசைக் கதவுக்கு அதை மனதார ஒப்புக்கொள்வேன், சிங்க்குக்கு அடியில் வைக்கத் துணிய மாட்டேன். நான் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இது அதன் தன்மையை வைத்துச் சொல்லும் கணிப்பு.

அலுமினியத்தில் உப்புவதற்கும் அரிபடுவதற்கும் எதுவும் இல்லை. குழாய் கசிந்தால் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால் போதும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த பெருவெள்ளம் போன்ற ஒன்று வீட்டுக்குள் புகுந்தாலும், சேற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அலுமினிய அலமாரி வீட்டைக் கரையானிடமிருந்து காக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் சுவர் வழியே ஏறிக் கூரைக் கட்டையைத் தேடிப் போவதற்குக் கரையானுக்குத் தடையேதும் இல்லை. தரையோரம் துளையிட்டு மருந்து செலுத்தும் வேலையை, பழைய அலமாரியைக் கழற்றிய பிறகும் புதியதைப் பொருத்துவதற்கு முன்பும் கிடைக்கும் அந்த இடைவெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. கதவைச் சாத்தினால் தகர டப்பா ஓசை வரும். கனமான சட்டி இடித்தால் பள்ளம் விழும், அதை நிமிர்த்த முடியாது. சட்டங்கள் உள்ளே கூடானவை என்பதால், முனைகளை மூடாமல் விட்டால் கரப்பான்பூச்சி குடியேறிவிடும். ஒவ்வொரு முனைக்கும் மூடியும் மூட்டுகளில் சிலிகோனும் வேண்டும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கினோம். திருகுகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகு ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் உலோகம் வெண்பொடியாய் அரிக்கத் தொடங்கும். குளோரின் கலந்த வெளுப்பான், காரமான அடுப்புத் துப்புரவு மருந்து ஆகியவற்றையும் பூச்சின் மேல் ஊற்றக் கூடாது. சமையல்வாயு காற்றைவிடக் கனமானது. 14 கிலோ தோம்பை உள்ளே வைப்பதானால் அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும். இது மூன்று வகைக்கும் பொருந்தும்.

அம்மாவுக்கு இந்த மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. செங்கல் கால் எழுப்பி, மேலே காங்கிரீட் பலகை போட்டு, தளக்கல் ஒட்டிக் கதவு மட்டும் மாட்டும் பழைய முறைதான் நிலைக்கும் என்று வாதாடினார். அவர் சொன்னதில் பாதியை ஏற்றோம். 20 மில்லிமீட்டர் கருங்கல் தளம் சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும், அதன் மேல் கிரைண்டரும் ஓடும் என்பதால், அந்த மூலையில் மட்டும் செங்கல் கால் நிற்கிறது. அலமாரி முழுவதும் நான்கு அங்குல உயரச் சிமெண்டு மேடையின் மேல் அமர்ந்திருக்கிறது. தரையைத் தண்ணீர் விட்டுத் தள்ளும் வீட்டில் இந்த மேடைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தக் கூடாது. முழுவதும் காங்கிரீட்டாகக் கட்டினால் பின்னாளில் சிங்க்கை நகர்த்த இடித்தே தீர வேண்டும் என்பதுதான் எங்களைத் தடுத்தது.

மறுவிற்பனையைப் பற்றி ஒரு வரி: நம் ஊரில் வீடு வாங்க வருபவர் இடத்தையும் கூரையையும்தான் பார்க்கிறார், குசினி அலமாரிக்கென்று தனி விலை கொடுப்பதில்லை. அலுமினியத்தைக் கழற்றினால் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் காசு தருவார்கள், ஊறிய சிப்போர்டை அள்ளிப் போடுவதற்கு நாம் லாரிக்குக் காசு தர வேண்டும்.

எங்கள் அலுமினியம் இன்னும் பத்தாண்டைக் காணவில்லை. கீல்கள் எத்தனை காலம் உழைக்கும், மரநிறப் பூச்சு அடுப்புப் பக்கத்தில் எப்போது மங்கும் என்பதை அனுபவமாகச் சொல்ல எனக்கு இன்னும் காலம் தேவை. சட்டங்களின் அமைப்பு பட்டறைக்குப் பட்டறை மாறுவதால், ஒருவர் செய்ததற்கு இன்னொருவரிடம் கதவு கிடைப்பது கடினம். ஆகவே அதே சட்டத்தில் கூடுதலாக ஒரு கதவும் சில கீல்களும் செய்து தரும்படி முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு வாங்கிப் பரணில் போட்டிருக்கிறோம். மேல்வரிசையில் நீரும் இல்லை, மண் தொடர்பும் இல்லை. அங்கே பிளைவுட் போதும், வாடகைக்கு விடும் வீடானால் நல்ல சிப்போர்டே போதும்.