மாக்குலா தேய்வுக்கு ஸ்டெம் செல் ஊசியா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது மாக்குலா தேய்வு (வயதான காலத்தில் நடுப்பார்வையைக் கெடுக்கும் கண் நோய்) இருந்து, "ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) போட்டால் பார்வை திரும்பிவிடும்" என்று யாராவது ஆசை காட்டியிருந்தால், தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. ஆனால் இவர்கள் பேசும் விதம் ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருப்பதால், பெயர் இல்லாமலேயே உங்களால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

அம்மாவுக்கு 74 வயது. தையல் வேலை செய்தவர். மெஷின் மிதிப்பதை விட்ட பிறகும் அக்கம்பக்கத்து ரவிக்கைகளுக்குக் கொக்கி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் உலர் வகைத் தேய்வு, முற்றிய நிலை. நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் காதும் தோளும் தெரியும், முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் திட்டு. வலது கண்ணில் ஈர வகை. அதற்கு ஒரு கண் மருத்துவமனையில் முறையாக ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வலது கண்தான் அவருக்கு எல்லாம். மாத்திரை அட்டை, அடுப்பு, போன், கொக்கி எல்லாமே அந்தக் கண்ணில்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தான் மோசடி எங்கே நுழைகிறது என்பது புரியும். கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரைதான் ரெட்டினா. அதன் நடுப்பகுதிதான் மாக்குலா. அதற்கு அடியில் ஒரு நிறமி அடுக்கு இருக்கிறது. பார்வைச் செல்களுக்குச் சாப்பாடு கொடுத்துக் கழிவை அகற்றுவது அதன் வேலை. உலர் வகையில் அந்த அடுக்கு வருடக்கணக்கில் மெதுவாக அழிகிறது. ஈர வகையில் அடியிலிருந்து தேவையற்ற ரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசிகிறது. கசிவை நிறுத்த பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்ற ஊசிகள் உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். விட்டால் பெரும்பாலும் கசிவு திரும்பிவிடும். உலர் வகையில் போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் 2023-ல் பெக்செட்டாகோப்லான், அவாசின்காப்டாட் பெகால் என்று இரண்டு ஊசிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவையும் அழிவு பரவும் வேகத்தைக் குறைப்பவை மட்டுமே.

எனவே நல்ல டாக்டர், "இந்தக் கண்ணுக்கு இதுக்கு மேல பெருசா செய்ய ஒண்ணும் இல்லம்மா" என்று உண்மையைச் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள்.

எங்களிடம் வந்தது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாம் வழியாக. உறவினர் ஒருவர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மறுநாளே அந்தக் கிளினிக்கில் நோயாளிகளிடம் பேசும் ஆலோசகர், அதாவது கவுன்சிலர், அம்மாவுக்குப் போன் செய்தார். "என்னை உங்க பொண்ணா நினைச்சுக்கோங்கம்மா. உங்க வயித்துல இருக்கிற கொழுப்புதான், உங்க சொந்த செல்லுதான். சைடு எஃபெக்டே கிடையாது." கண் நரம்பு புதிதாக முளைக்கும், ஆறு மாதத்தில் பேப்பர் படிக்கலாம் என்றார். மாக்குலா தேய்வு கண் நரம்பின் வியாதியே கிடையாது, ஆனால் "நரம்பு" என்று சொன்னால் நம் வீடுகளில் எல்லோருக்கும் புரிகிறதே.

நாங்கள் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, "பெரிய கண் ஆஸ்பத்திரியிலேயே ஸ்டெம் செல் வைக்கிறாங்களே சார்" என்று பதில் வந்தது. இங்கே கவனமாக இருங்கள். அது உண்மைதான், ஆனால் அது வேறு சிகிச்சை. கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டு முன்பக்கக் கருவிழி வெந்துபோனவர்களுக்கு, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் லிம்பல் ஸ்டெம் செல்களை எடுத்து வைக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் இதில் உலகளவில் பெயர் பெற்றது. அது கண்ணின் முன்பக்கம், மாக்குலா பின்பக்கம். வயிற்றுக் கொழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கண்ணுக்கு 1,75,000 ரூபாய், இரண்டு கண்ணும் சேர்த்துச் செய்தால் 2,75,000. அந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த ரேட். அம்மாவின் சீட்டுப் பணமும் அண்ணன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியதும் சேர்ந்து போனது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வலது கண்ணுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். "அந்த மருந்து உள்ள இருந்தா புது செல் வளராது, ஒரு நாலு மாசம் போடாதீங்க." இதை அங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, கவுன்சிலர்தான் வாயால் சொன்னார். எங்கேயும் எழுத்தில் இல்லை.

சிகிச்சை அன்று அம்மாவுக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து ஊற்றி உட்கார வைத்தார்கள். அதற்கு அப்புறம்தான் ஒப்புதல் படிவம் வந்தது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஏற்கெனவே மாக்குலா போன கண், அதில் சொட்டு மருந்து வேறு. கையெழுத்துப் போடும் கோடு எங்கே இருக்கிறது என்பதையே நர்ஸ் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. பின்னால் அதை வக்கீலிடம் கொடுத்துப் படித்தபோதுதான், இது ஆராய்ச்சி நிலையில் உள்ள முறை, பலனுக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பக் கிடைக்காது என்று அதில் இருந்தது தெரிந்தது. ரசீதில் "புராசீஜர் சார்ஜ்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஸ்டெம் செல் என்ற பேச்சே அதில் இல்லை.

வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சினார்கள். ஒரு மெஷினில் சுற்றினார்கள். மதியத்துக்குள் இரண்டு கண்ணுக்கும் பின்பக்கமாக ஊசி போட்டு, மிச்சத்தை டிரிப்பில் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில வாரங்களில் வலது கண்ணில் நிலைக்கதவின் சட்டம் வளைந்து தெரிவதாக அம்மா சொன்னார். கோடு வளைவது கசிவின் அடையாளம் என்று கண் மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளினிக்கில் கேட்டால், "செல் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும்மா, முதல்ல அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க, வேற எங்கயும் போய் கைவச்சிடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்புறம் நடுவில் கறுப்பு விழுந்தது. பழைய கண் மருத்துவமனைக்கே ஓடினோம். ரெட்டினாவை அடுக்கு அடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மாக்குலாவுக்கு அடியில் ரத்தம். உடனே ஊசியை மறுபடி தொடங்கினார்கள். கசிவு நின்றது. ஆனால் தழும்பு விழுந்துவிட்டது, நடுப்பார்வை வரவில்லை. இடது கண் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. வைத்தியம் இருந்த கண்ணைத்தான் அவர்கள் பறித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இன்னும் மோசமாகவும் நடந்திருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில், 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்களுக்கு இதே வயிற்றுக் கொழுப்பை எடுத்து, இரண்டு கண்ணுக்குள்ளும் ஒரே நாளில் செலுத்தினார்கள். ஆளுக்கு 5,000 டாலர். சில நாட்களிலேயே ரத்தக்கசிவு, கண் அழுத்தம், ரெட்டினா பிய்ந்து விலகுதல் என்று வரிசையாக வந்தது. மூன்று பேருமே பார்வையை இழந்தார்கள். ஒருவருக்கு வெளிச்சம் கூடத் தெரியாமல் போனது. அவர்களைப் பரிசோதித்த டாக்டர்கள் 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இதை எழுதினார்கள். அந்தப் பெண்களில் இருவர், தாங்கள் அரசு அங்கீகரித்த ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பதாகவே நம்பியிருக்கிறார்கள், ஏனென்றால் அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் அதன் பெயர் இருந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பதும் அனுமதி கிடைத்திருப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் ஸ்டெம் செல்லே பொய்யா என்றால், இல்லை. உண்மையான ஆராய்ச்சி நடக்கிறது. ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி குழுவினர் 2014 செப்டம்பரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து அந்த நிறமி அடுக்கை ஒரு தாள் போல வளர்த்து, ஆபரேஷன் செய்து ரெட்டினாவுக்கு அடியில் வைத்தார்கள். ஒரே ஒரு கண்ணில். செல்களை வளர்க்கவும் சோதிக்கவும் மாதக்கணக்கில் ஆனது. பார்வை கூடவில்லை, மேலும் கெடாமல் நின்றது. அதை அப்படியே வெளியிட்டார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றம் தெரிந்ததும் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். லண்டனில் 2018-ல் வெளியான ஆய்வில், ஈர வகை திடீரென்று கடுமையாக வந்த இரண்டு பேருக்கு இப்படி ஒரு அடுக்கை வைத்து, அவர்கள் மறுபடி படிக்க ஆரம்பித்தார்கள். உலகமே கவனித்த ஆய்வு, மொத்தம் இரண்டு பேர். இதை வைத்துக்கொண்டு, காலையில் உறிஞ்சிய கொழுப்பை மதியம் ஊசியில் ஏற்றுகிறவர்கள் தங்கள் பிரசுரத்தில் ஜப்பான், லண்டன் என்று போட்டுக்கொள்கிறார்கள். கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை அப்படியே ஊசியில் போட்டால் அது போய் நிறமி அடுக்காக உட்கார்ந்துகொள்ளாது. கண்ணுக்குள் போனால் சுருங்கும் தழும்பாக மாறி ரெட்டினாவையே இழுக்கக்கூடும்.

நம் நாட்டு விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்றதெல்லாம் முறையான அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வு என்றால் சோதிக்கும் அந்த சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது, ஆய்வினால் பாதிப்பு வந்தால் நடத்துபவர்தான் வைத்தியம் பார்த்து இழப்பீடும் தர வேண்டும். ஆகவே யாராவது லட்சக்கணக்கில் கேட்டாலே அங்கேயே எழுந்து வந்துவிடலாம். சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) நம்பர் காட்டினால் அந்த நம்பரைப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். எங்களிடம் காட்டியது மூட்டு வலிக்கான ஆய்வின் நம்பர். அப்புறம், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ரெட்டினா டாக்டரிடம் சொல்லாமல் எந்த ஊசியையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்பவர் அதைத் தன் பெயர், பதிவு எண்ணோடு எழுதித் தரட்டும்.

உலர் வகை நடுத்தர நிலையில் இருந்தால் ஏரெட்ஸ்-2 என்ற வைட்டமின், தாதுச்சத்து மாத்திரை நோய் முற்றும் அபாயத்தை ஓரளவு குறைக்கும், டாக்டரிடம் கேளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டும். ஆம்ஸ்லர் கட்டத்தை (சிறு கட்டங்களாகக் கோடு போட்ட தாள்) சுவரில் ஒட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும், கோடு வளைந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்று தனியாக இருக்கிறது. லைட் வைத்த உருப்பெருக்கிக் கண்ணாடி, பேசும் போன் எல்லாம் அங்கே பழக்கித் தருகிறார்கள். அம்மா இப்போது மாத்திரை அட்டையை அந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறார்.

மாநில மருத்துவக் கவுன்சிலிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். "எல்லாம் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்" என்று அவர்கள் தரப்பில் பதில் வந்திருக்கிறது. சொட்டு மருந்து ஊற்றிய நேரமும் கையெழுத்து வாங்கிய நேரமும் அவர்களுடைய நர்ஸ் குறிப்பிலேயே இருப்பதை எங்கள் வக்கீல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே இப்படிப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தால், மெடிக்கல் ரெக்கார்டு வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வாய்ஸ் மெசேஜ், பிரசுரம், ரசீது எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.