வெள்ளி மல்ச்சிங் ஷீட்: அரசாணிக்கு முழுசு, பாகலுக்குப் பாதி

போன வருடம் மாசியில் போட்ட பாகல் பந்தல் ஐம்பதாவது நாளிலேயே முடிந்துபோனது. நுனி இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகச் சுருங்கி, கணுவுக்குக் கணு நெருங்கி, கொடி நீளவே இல்லை. பூ வந்தது, பிஞ்சு நிற்கவில்லை. ஐந்து தடவை மருந்து அடித்தேன். வந்த வைரஸ் செடியை விட்டுப் போகவே போகாது என்பது அறுத்துப் போடும்போதுதான் உறைத்தது. அதனால்தான் இந்த வருடம் செடிக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே செலவு செய்வது என்று வெள்ளி-கறுப்பு மல்ச்சிங் ஷீட் வாங்கினேன். பாத்தி மண்ணை மூடி விரித்து, துளை போட்டு நாற்று நடுகிற பிளாஸ்டிக் தாள் அது; ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு.

எங்கள் தோட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம். அரை ஏக்கர் அரசாணி (மஞ்சள் பூசணி) தரையில், கால் ஏக்கர் பாகல் பந்தலில். இரண்டு மீட்டருக்கு ஒரு பாத்தி. 25 மைக்ரான் கனம், நாலடி அகலம், 400 மீட்டர் நீளம் என்று நான்கு ரோல் எடுத்தேன். ரோல் 2,200 ரூபாய். போனில் சொல்லி லாரி பார்சலில் வரவழைத்தது.

இதைக் களைக்கும் ஈரத்துக்கும்தான் பலர் வாங்குகிறார்கள். நான் வாங்கியது பூச்சிக்காக. பூசணிக் குடும்பத்துக்கு வைரஸ் கொண்டுவருவதில் முக்கியமான ஆட்கள் இரண்டு பேர், அசுவினியும் வெள்ளை ஈயும். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வெள்ளை ஈ நோய்ச் செடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சாறு குடிக்க வேண்டும். குடித்த வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றி எச்சிலுக்கு வந்து சேரச் சில மணி நேரமாவது ஆகும். வந்த பிறகு பல நாள் பரப்பிக்கொண்டே இருக்கும். அசுவினிக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. வாயால் இலையைக் குத்திப் பார்க்கிற சில விநாடியிலேயே வைரஸை எடுத்துவிடும், அடுத்த செடியைக் குத்தும்போது அங்கே இறக்கிவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும். ஆகவே பூச்சியைக் கொல்வதைவிட, செடிமேல் இறங்கவிடாமல் செய்வதுதான் முக்கியம். வெள்ளி நிறம் அதைத்தான் செய்கிறது. வானத்து வெளிச்சம் கீழேயிருந்தும் அடிப்பதால், பறந்து வரும் பூச்சிக்கு இறங்க வேண்டிய இடம் பிடிபடாமல் குழம்புகிறது.

இது சும்மா சொல்வதில்லை, எங்கள் தோட்டத்திலேயே பார்த்தேன். ஷீட் விரித்த அன்று பொழுது சாய்ந்துவிட்டது. அவசரத்தில் அரசாணியின் கிழக்கு ஓரத்துக் கடைசி இரண்டு பாத்தியில் கறுப்புப் பக்கம் மேலே வந்துவிட்டது. மறுநாள் பார்த்து மனசு சங்கடப்பட்டது, ஆனால் மண் அணைத்தாகிவிட்டதால் அப்படியே விட்டேன். முப்பதாவது நாள் காலையில் ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் வெள்ளை ஈ சட்டென்று பறக்காது, இலையின் அடியில் மாவு தூவின மாதிரி உட்கார்ந்திருக்கும். கறுப்பு மேலே இருந்த இரண்டு பாத்தியில் 60 செடிக்கு 17 செடியில் தேமல், அதாவது வைரஸால் இலையில் வருகிற மஞ்சள் திட்டு. மேற்கு ஓரத்தில் வெள்ளி மேலே இருந்த இரண்டு பாத்தியில் அதே 60 செடிக்கு 4. ஓரத்தில்தான் பூச்சி முதலில் இறங்கும் என்பதால் ஓரத்தோடு ஓரத்தை ஒப்பிட்டேன். கிழக்கே பக்கத்துத் தோட்டத்தில் கத்தரி நின்றது, வெள்ளை ஈ அதிலும் அடையும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் கத்தரியால் மட்டும் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. தேமல் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோனேன்.

அரசாணிக் கொடி ஓடி ஷீட்டை மூடியதும் வெள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதோடு அதன் வேலையும் முடிந்தது. ஆனால் அதற்குள் செடி பூவெடுத்துக் காய் பிடித்துவிட்டது. பிறகு வந்த தேமலால் ஏழெட்டுக் கொடிதான் கெட்டது, காய் குறையவில்லை. செடி சின்னதாக இருக்கும்போது வைரஸ் வருவதுதான் குடும்பத்தைக் கெடுப்பது.

பாகலில் கதை வேறு. பந்தல் ஆறடி உயரம். கொடி ஏறிய பிறகு இலையெல்லாம் மேலே, வெள்ளியெல்லாம் கீழே நிழலில். முதல் முப்பது முப்பத்தைந்து நாளுக்கு உதவியது, அப்புறம் இல்லை. முதல் பறிப்புக்குள் வைரஸ் வராதது பெரிய நிம்மதி. ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேல் நுனி சுருங்க ஆரம்பித்தது. விற்றவர் போனில் “இதப் போட்டா வைரஸே வராதுங்க” என்றார். அப்படிச் சொல்லி விற்பது தப்பு. அதை நம்பி மஞ்சள் ஒட்டுப்பொறியும் வேண்டாம், பூச்சியை மறிக்க ஓரத்தில் மக்காச்சோளமும் வேண்டாம் என்று ஒரு விவசாயி விட்டுவிட்டால் அவன் கதி என்ன? நான் இரண்டு வரிசை மக்காச்சோளத்தை நடவுக்கு இருபது நாள் முன்பே சுற்றி விதைத்திருந்தேன், நாற்றையும் கொசுவலைக்குள்தான் வளர்த்தேன். ஷீட் தனியாக நின்று எதையும் காப்பாற்றவில்லை.

குறை இன்னும் உண்டு. நான்கில் ஒரு ரோல் நடுவில் மெலிந்திருந்தது, இழுத்துக் கட்டும்போது முப்பது மீட்டர் அளவுக்குக் கிழிந்தது. போட்டோ அனுப்பினேன், “நீங்க இழுத்தது அதிகம்” என்று பதில் வந்தது. மற்ற மூன்றையும் அதே ஆட்கள்தான் இழுத்தார்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். சின்னத் துளையில் நட்ட நாற்றின் தண்டு ஷீட்டின் ஓரத்தில் பட்டு வெந்துபோய் இருபது நாற்றை மாற்ற வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாத்தியில் வேலை செய்ய முடியாது. நாற்று நட வந்த ஆத்தா, “கண்ணு, இது கண்ணையே பொசுக்குது” என்று முந்தானையை நெற்றிக்கு இறக்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து நடவை விடிகாலைக்கு மாற்றினோம்.

புதுடெல்லியின் பெயர் கொண்ட தக்காளி இலைச்சுருட்டு வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை ஈ பரப்புவது. பாகல், பீர்க்கு, பூசணி எல்லாவற்றையும் பிடிக்கும். 2012-ல் ஸ்பெயினில் சுக்கினித் தோட்டங்களில் அது தெரிய வந்தது. நம் ஊர் நோய் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று படித்தபோது, என் கால் ஏக்கர் பந்தல் போனதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆடிப்பட்டத்துக்கு அரசாணிக்கு மட்டும் மூன்று ரோல் சொல்லியிருக்கிறேன், 30 மைக்ரானில், வேறு கடையில். பந்தலுக்கு இந்தத் தடவை ஷீட் எடுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நாற்றங்காலுக்கு நல்ல கண்ணி நெருக்கமான வலையும், பந்தல் உயரத்துக்கே கட்டுகிற மாதிரி மஞ்சள் பொறியும் வாங்கப் போகிறேன். பழைய ஷீட்டைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். மண்ணோடு உழுதுவிட வேண்டாம், துண்டு துண்டாகி வருடக்கணக்கில் கிடக்கும்.