கூரையில் மாட்டிய ஆண்டெனா அணி: சேதராப்பட்டு கிடங்கில் கண்டவை

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நான் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸில், அச்சுகளும் (மோல்டுகள்) தள்ளுவண்டிகளும் எங்கே கிடக்கின்றன என்று காட்டுவதற்காகக் கூரையில் மாட்டிய புளூடூத் ஆண்டெனா அணிகள் (பல ஆண்டெனாக்கள் சேர்ந்த தொகுதிகள்) இரண்டு மழைக்காலங்களைத் தாண்டிவிட்டன. முன்பிருந்த கருவி சிக்னலின் வலிமையை வைத்துத் தூரத்தை ஊகித்ததால், குறுக்கே ஓர் ஆள் நின்றாலே பொருள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டதாகக் காட்டும். இதுவோ கோணத்தை அளக்கிறது. பொருளில் ஒட்டிய டேக் என்னும் சிறு ரேடியோ வில்லை அனுப்பும் அலை, அணியிலுள்ள ஒவ்வொரு ஆண்டெனாவையும் சற்றே மாறுபட்ட கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்கத்தில் அது இருக்கும் நிலை) வந்தடைய, அந்தக் கட்ட வேறுபாட்டிலிருந்து திசை கணக்கிடப்படுகிறது. 2019 ஜனவரியில் வெளியான புளூடூத் 5.1 இதற்கு வழிசெய்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; ஆண்டெனாக்களின் இடைவெளி அதில் பாதியைத் தாண்டினால் ஒரே கட்ட வேறுபாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திசைகள் பொருந்திவிடும் என்பதால், அவற்றை நெருக்கி அமைத்திருக்கிறார்கள்.

விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் துல்லியம் அணிக்கு நேர்கீழே உள்ள தரைக்குத்தான் பொருந்தும். டேக்குக்கு 4 மீட்டர் மேலே அணி இருக்கையில், கோணத்தில் 5 பாகை பிழைத்தால் நேர்கீழே சுமார் 35 செ.மீ. விலகும், 8 மீட்டர் தள்ளி அதே பிழை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை இழுத்துவிடும். ஆகவே ஓர் அணியைக் கொண்டு முழுக் கிடங்கையும் சமாளிக்க நினைப்பது வீண் சிக்கனம்.

உண்மையான தொல்லை இரும்புதான். ரேக்கின் கீழ்த்தட்டில் உள்புறமாகத் தள்ளி வைத்த அச்சு, திரையில் எதிர்வரிசைக்குத் தாவும். நேராக வரவேண்டிய அலையை ரேக்கின் தகடு மறைத்துவிட, எதிர் ரேக்கில் பட்டுத் திரும்பிய அலையையே அணி நம்பிவிடுகிறது. டேக்கை அச்சுப்பெட்டியின் முன்விளிம்பில், நடைபாதையைப் பார்க்கும்படி ஒட்டிய பிறகு இது பெருமளவு குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. திறந்த தரையில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ட்யூப் லைட் மாற்ற ஏறிய எலக்ட்ரீஷியன் ஓர் அணியைச் சற்றே திருப்பிவிட, அதன் எல்லையிலிருந்த பொருள்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சுழன்று நின்றன. அதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் எதிரே ஒரு தூணில் டேக் ஒன்றை நிரந்தரமாக ஒட்டி, காலையில் முதல் வேலையாக அது தன்னிடத்தில் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.

பேட்டரி செலவு நம் கையில் இருக்கிறது. அடிக்கடி நகரும் வண்டிகளின் டேக்குகள் மட்டும் விரைந்து சமிக்ஞை அனுப்பினால் போதும். மாதக்கணக்கில் அசையாத அச்சுகளுக்கும் அதே வேகத்தை வைத்தால், டேக்கிலுள்ள சி.ஆர். 2032 பொத்தான் செல்லை மாற்றுவதற்கென்றே ஓர் ஆளை ஏணியோடு நிறுத்த வேண்டிவரும்.