குளிர்காலம் கடந்த தொட்டி அத்தி: வெட்டுவதா, விடுவதா, பதியன் போடுவதா?

ஏப்ரல் கடைசியில் கராஜிலிருந்து அத்தித் தொட்டிகளை வெளியே இழுக்கும் நாட்களில் டொராண்டோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடிமரம் கறுத்துப் போயிருக்கிறது, இனி இது தேறுமா? கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பொறுத்துப் பார் என்பார் ஒருவர். பச்சை தெரியும்வரை வெட்டு, மண்ணோடு வெட்டு, ஒட்டுப் போட்டுக் காப்பாற்று, மேல்பாதியைப் பதியன் போட்டு, அதாவது தண்டிலேயே வேர்விட வைத்து எடு என்று மற்றவர்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்த வழிகள்தான். ஆனால் காயத்துக்குப் பொருந்தாத வழியைப் பிடித்தால் அந்தக் கோடை முழுவதும் வீண்.

என் கணக்கு எளிது. காயம் எவ்வளவு நீளம், எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். தண்டைச் சுற்றி வரும்போது எவ்வளவு பட்டை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சுற்றுக்கு மேல் பச்சை இருந்தால் மரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். சுற்று முழுவதும் போயிருந்தால் பொறுமையால் ஒரு பயனும் இல்லை.

அதற்கு முன் வேரைப் பாருங்கள். உறக்கத்தில் இருக்கும் அத்தியின் கொப்புகள் மைனஸ் 7, 8 டிகிரி வரை பெரும்பாலும் தாங்கிவிடும். தொட்டிக்குள் இருக்கும் வேர் அவ்வளவு தாங்காது. தொட்டியைச் சரித்து வேர்க்கட்டியை மெல்ல வெளியே எடுத்தால் போதும். வேர் வெளிர் நிறமாக, கெட்டியாக இருந்தால் சரி. கறுத்து, நசுங்கி, தொட்டதும் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால், மேலே எப்படி வெட்டினாலும் பலன் இல்லை. அந்தத் தொட்டியைக் காலிசெய்துவிடலாம்.

வேர் நன்றாக இருந்தால் அடுத்தது நகச் சோதனை. நகத்தாலோ சிறு கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. காய்ந்த பழுப்பு என்றால் செத்துவிட்டது. ஒரே பக்கத்தில் சுரண்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான்கு பக்கமும் பாருங்கள். கராஜ் கதவை ஒட்டி நின்ற பக்கம் மட்டும் செத்து, மறுபக்கம் பச்சையாக இருப்பது உண்டு.

பொறுத்திருப்பது

இதைச் சோம்பேறி வழி என்று ஒதுக்க வேண்டாம். பட்டை சுருங்கிக் கோடு கோடாக இருந்தால் அது பெரும்பாலும் தாகம். குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூடக் காணாத மரம் இப்படித்தான் வெளியே வரும். நிதானமாகத் தண்ணீர் காட்டினால் தோல் மறுபடி நிமிரும். சாம்பல் நிறப் பூஞ்சணமும் அப்படித்தான்: காற்றோட்டமில்லாத மூலையில் நின்றதால் மேலே படர்ந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சுரண்டிப் பாருங்கள், கீழே பச்சை இருந்தால் கவலை வேண்டாம். செம்மஞ்சள் நிறத்தில் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் எழும்பியிருந்தால் மட்டும் வேறு கதை. அது செத்த கட்டையில் வரும் பூஞ்சை. அந்தப் பகுதியை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

பொறுப்பவர்கள் செய்யும் பிழை, பொறுக்கும்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது. இலை இல்லாத மரம் அதிகம் தண்ணீர் குடிக்காது. மே மாதம் முழுக்க நனைந்தே கிடந்த மண்ணில், குளிருக்குத் தப்பிய வேரும் அழுகும். இன்னொன்று வெயில். மாதக்கணக்கில் இருட்டில் நின்ற மெல்லிய பட்டை நேர் வெயிலில் வெந்துவிடும், முக்கியமாகத் தென்மேற்குப் பக்கம். முதல் ஒரு வாரமாவது நிழலில் வையுங்கள். வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டைச் சம அளவு தண்ணீரில் கலந்து தண்டில் பூசுவதும் உதவும்.

எதுவரை பொறுப்பது? மே மாதப் பின்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையோடு இங்கே நடவு தொடங்கிவிடும். அதற்குள் முளைக்கவில்லை என்று பலர் அத்தியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது அவசரம். ஜூன் கடைசிவரை விடுங்கள். வேர் பிழைத்த மரம் அதற்குள் எங்காவது ஓரிடத்தில் மொட்டுக் காட்டிவிடும்.

பச்சைவரை வெட்டுவதும், மண்ணோடு வெட்டுவதும்

நுனியிலிருந்து சாண் சாணாகச் சுரண்டிக்கொண்டு இறங்கி, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுவது முதல் வழி. வெட்டு முகத்தில் பட்டையை ஒட்டிய வளையத்தைப் பாருங்கள். அது முழுதும் பச்சையாக இருந்து, வெள்ளைப் பால் கசிந்தால் நிறுத்தலாம். வளையத்தில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது. அந்தப் பாலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமாகி, தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, மேகமூட்டமான நாளில் வெட்டுவது உத்தமம்.

வெட்டிய வாயில் எதையாவது பூசும் ஆசை நமக்குக் கூடவே வரும். ஊரில் முருங்கையை வெட்டியதும் சாணம் அப்பிய கை அல்லவா? கடையில் கறுப்புக் களிம்பும் விற்கிறார்கள். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ மரக்காயங்களை வருடக்கணக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதுதான். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. உள்ளே சுவர் எழுப்பி அந்தப் பகுதியை அடைத்துவிடுகிறது. சுத்தமாக வெட்டி, காற்றுப்படக் காயவிட்டால் போதும்.

இனி மண்ணோடு வெட்டுவது. கேட்டதும் நெஞ்சு பதறும். ஐந்தாறு வருடம் வளர்த்த தண்டு! ஆனால் சுற்று முழுவதும் குளிரில் செத்த மரத்துக்கு இதுவே சிறந்த வழி என்று நினைக்கிறேன். செத்த தண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் வரும் முளைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதைவிட, ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் வேரில் சேர்த்து வைத்த பலம் முழுவதும் புது முளைக்குப் போகும். அத்தி பெரும்பாலும் போத்து (வெட்டிய கொப்புத் துண்டு) ஊன்றி வளர்த்தது, ஒட்டு மரம் இல்லை. எனவே அடியிலிருந்து வரும் முளையும் அதே ரகம்தான். பத்து முளை வந்தாலும் இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் காய் சீக்கிரம் எட்டிப் பார்க்கும்.

இங்கேதான் ரகம் தீர்ப்புச் சொல்லும். அத்தியில் இரண்டு போகம்: போன வருடக் கொப்பில் முன்கோடையில் வருவது ஒன்று, புதுக் கொப்பில் பின்னால் வருவது மற்றது. சிகாகோ ஹார்டி, ரோந்த் து போர்தோ போன்றவை புதுக் கொப்பிலேயே காய்ப்பவை. மண்ணோடு வெட்டினாலும் அதே வருடம் சில பழமாவது பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் முளை ஜூனில் கிளம்பி, காய் ஆகஸ்டில் பிடித்து, பழுக்க இரண்டரை மாதமாவது ஆகும். அக்டோபர் உறைபனியோடு ஓட்டப்பந்தயம்தான். டெசர்ட் கிங் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அது நம்பகமாகத் தருவது பழைய கொப்பின் காயை மட்டும். புதுக் கொப்பில் வருவதற்கு அத்திக் குளவியின் மகரந்தச் சேர்க்கை வேண்டும், அந்தக் குளவி இங்கே இல்லை. மண்ணோடு வெட்டினால் அந்த வருடம் பழமே கிடையாது. ஆகவே டெசர்ட் கிங்கில் ஒரு சாண் பச்சை மிஞ்சியிருந்தாலும் அதைக் காப்பாற்றப் பாருங்கள். மற்றதில் தயங்க வேண்டாம்.

எலி கடித்தது

இது குளிர் அடித்ததைவிட வேறுவிதம். பலரை ஏமாற்றுவதும் இதுதான். கராஜில் புகுந்த சுண்டெலி மண்மட்டத்துக்குச் சற்று மேலே பட்டையை வளையமாகக் கொறித்துவிடும். உள்கட்டை நன்றாக இருப்பதால் தண்ணீர் வழக்கம்போல் மேலே போகும். மே மாதம் இலை தளதளவென்று வரும், நாமும் தப்பித்தது என்று விட்டுவிடுவோம். ஆனால் இலை செய்யும் சர்க்கரை கீழே வருவது பட்டை வழியாக. அந்தப் பாதை அறுந்துவிட்டது. வேர் பட்டினி கிடந்து தேய, ஒரு வருடமோ இரண்டோ கழித்து மரம் ‘திடீரென்று’ சாகும்.

இதற்குப் பழத்தோட்டக்காரர்களின் பழைய வைத்தியம் பாலம் ஒட்டு. உறக்கத்தில் இருக்கும்போதே வெட்டி வைத்த பென்சில் தடிமன் குச்சிகளைக் காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகி, காயத்தைத் தாண்டிப் பாலம் கட்டுவது. குச்சியின் மேல்முனையும் கீழ்முனையும் இடம் மாறக்கூடாது. பட்டை எளிதாகக் கழன்று கொடுக்கும் வசந்தகாலத்தில்தான் செய்ய வேண்டும். பெரிய ஆப்பிள் மரத்துக்கு இது வரப்பிரசாதம். கட்டைவிரல் பருமன் அத்திக்கு? பாலும் கசிந்துகொண்டே இருக்கும், செருக இடமும் இருக்காது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதியன் இங்கே எளிதில் வெல்கிறது. பதியன் போட நாமே செய்வது என்ன? பட்டையை வளையமாக உரிப்பதுதானே. எலி பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. மரம் இலை விட்டதும் காயத்தின் மேல்விளிம்பைக் கத்தியால் லேசாகச் சீவிப் புதுப்பச்சை தெரியச் செய்யுங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை ஒரு கை அளவு அதன்மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு முனையும் இறுக்கிக் கட்டி, வெயில் படாமல் வெள்ளித்தாள் சுற்றுங்கள். கீழே போக வழியில்லாத சர்க்கரை அந்த விளிம்பில்தான் சேர்ந்து நிற்கும். ஆகவே சூடான நாட்களில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பாசிக்குள் பின்னிவிடும். அதற்குக் கீழே அறுத்துப் புதுத் தொட்டியில் வையுங்கள். பழைய அடிக்கட்டையும் பெரும்பாலும் முளைத்துவிடும். ஒரு மரம் போய் இரண்டாகும். குளிரில் செத்த தண்டுக்கு மட்டும் இது உதவாது, அங்கே உள்கட்டையும் செத்திருக்கும்.

காயத்துக்கு மேலே நல்ல கொப்பு இருந்தால், எந்த வழியில் போனாலும் இரண்டு போத்தை வெட்டிப் பெர்லைட் கலந்த மண்ணில் ஊன்றி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை.

எலித் தொல்லை உள்ள கராஜ் என்றால், அடுத்த அக்டோபரில் உள்ளே எடுக்கும் முன் கால் அங்குலக் கண்ணியுள்ள இரும்பு வலையைத் தண்டைச் சுற்றி, தொட்டி மண்ணுக்குள் கொஞ்சம் புதையும்படி நிறுத்துங்கள். அரை அங்குலக் கண்ணி வாங்காதீர்கள், சுண்டெலி அதற்குள் புகுந்துவிடும்.