நெல்லிக்குப்பம் ரோட்டுப் பட்டறை: 46,000 ரூபாய் டர்போவும் 1,900 ரூபாய் ஹோஸும்

எனக்கு முந்திரி வியாபாரம். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், சரக்கு எடுப்பது பண்ருட்டிப் பக்கம், போடுவது பாண்டிச்சேரி ஸ்வீட் கடைகளுக்கு. அலைவதற்கு 2011 மாடல் டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். 1248 சிசி டர்போ என்ஜின் (டர்போ என்றால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற விசிறி), 1,62,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஒரு காலத்தில் இரண்டு மூன்று கம்பெனிக்காரர்கள் இதே என்ஜினை ஆளுக்கொரு பேர் வைத்து விற்றதால், இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் நம்ம ஊரில் கிடையாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருந்தது.

கேப்பர் மலை ஏற்றத்தில் ஆரம்பித்தது. பின்னால் எட்டு டின் பருப்பு, சொந்தக்காரர் வீட்டுக்கு நாலு பலாப்பழம். 2000 ஆர்பிஎம் வந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி ஒரு வேகம் வரும், அது வரவில்லை. மிதிக்க மிதிக்க ‘உஸ்ஸ்’ என்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பைக்கில் வந்தவர் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார். அப்புறம் என்ஜின் லைட் எரிந்தது, வண்டி 60-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஓரம் கட்டி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அடுத்த ஏற்றம் வரைக்கும்.

முதலில் பக்கத்துத் தெரு மெக்கானிக். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றி, புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி விடுகிற ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார். 3,800 ரூபாய். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி எனக்கே ஒரு பிரமை. அடுத்து பாண்டிச்சேரியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய இடம், பேர் வேண்டாம். ஸ்கேனரைச் சொருகினார்கள், பி0299 என்று ஒரு கோளாறு நம்பர் வந்தது, பத்தே நிமிஷத்தில் ‘டர்போ போயிடுச்சு சார், 46,000 ஆகும்’ என்றார்கள். வண்டியை விற்றாலே எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே அரியாங்குப்பம் பாலம் தாண்டி வந்தேன்.

இந்தப் பட்டறையைச் சொன்னது கரும்பு டிராக்டர் ஓட்டுகிற ஒரு தம்பி. செம்மண்டலம் தாண்டி நெல்லிக்குப்பம் ரோட்டில் தகரக் கொட்டகை. உட்கார ஒரு பழைய கார் சீட்டு, அதிலும் பாதியில் பூனை. முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். போனதும் பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால் கேள்வியாகக் கேட்டார். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா? ஆயில் குறையுதா? சத்தம் மிதிக்கும்போது மட்டுமா, சும்மா நிற்கும்போதுமா? நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று பார்க்கணும், கறுப்பென்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று அவரே விளக்கினார்.

நான் பி0299 கதையைச் சொன்னேன். “அண்ணே, நீங்க முந்திரிக்காரர்தானே? 80 கிலோ மூட்டை 76 நிக்குதுன்னு தராசு சொல்லும். ஓட்டை எங்கன்னு சாக்கைத் தடவிப் பாத்தாத்தானே தெரியும்? கேட்ட பிரஷர் வரலன்னுதான் இந்த நம்பருக்கு அர்த்தம். டர்போ போச்சுன்னு அதுல எங்கண்ணே எழுதியிருக்கு?”

என்னையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, அதே கேப்பர் மலைக்குக் கூட்டிப் போனார். திரையில் இரண்டு கோடு. கம்ப்யூட்டர் கேட்கிற பிரஷர் ஒன்று, உண்மையில் வருகிற பிரஷர் ஒன்று. முழுசாக மிதித்தபோது கேட்டது 2100 மில்லிபார், வந்தது 1400. இறங்கி வந்து ஹோஸைக் கழற்றி, டர்போ ஷாஃப்டின் முனையை என் விரலாலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம், முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே இல்லை. இறக்கைகள் சுவரில் உரசின தடமும் இல்லை. “இதுக்கா 46,000 கேட்டாங்க?” கைப்பம்ப் வைத்து, டர்போ பிரஷரைக் கூட்டிக் குறைக்கிற ஆக்சுவேட்டர் கம்பி நகர்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிவிசி பைப் மூடி ஒன்றில் டயர் ட்யூப் வால்வைப் பொருத்தி அவரே செய்த ஒரு சாமான். டர்போவுக்குக் காற்று போகிற வாயை அதனால் அடைத்து, கம்ப்ரஸரில் 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றினார். பஞ்சர் கடையில் செய்வது போல சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஹோஸிலும் ஊற்றிக்கொண்டே வந்தார். டர்போ அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் வளைகிற இடத்தில், அடிப்பக்கம், ரசம் கொதிக்கிற மாதிரி நுரை தள்ளியது. காற்றை விட்டுவிட்டுத் தடவினேன், ஆயில் பிசுக்கும் புழுதியும்தான், கண்ணுக்குக் கிழிசலே தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தி விரித்ததும் இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் பிளந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், பிரஷர் ஏறினால்தான் திறக்கும். அளந்து உள்ளே விட்ட காற்றில் பாதி வழியிலேயே ஓடிவிட, டீசல் மிச்சப்பட்டுக் கரும்புகை. இத்தனை வருஷம் ஆயில் ஆவியில் ஊறினால் ரப்பர் இப்படித்தான் நைந்து போகுமாம்.

ஹோஸ் 1,900, கிளாம்ப் இரண்டு 160, கூலி 1,200, பரிசோதனைக்கு 800. மொத்தம் 4,060. பார்ப்பதற்கே 800-ஆ என்று முனகினேன். “பாக்காம மாத்தறவங்க இதை வாங்க மாட்டாங்கண்ணே” என்றார், சிரிக்காமல். கொடுத்துவிட்டேன். மூன்று மாசம் ஆகிறது, லைட் எரியவில்லை, கேப்பர் மலையில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஹோஸ் சென்னையிலிருந்து வர வேண்டும், நாளைக்கு என்றார், நாலு நாள் ஆனது. நடுவில் போன் அடித்தால் எடுக்கவில்லை. பில் கேட்டால் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதித் தருகிறார். கழிப்பறை கிடையாது, வீட்டுப் பெண்களோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆலையில் கரும்பு அரைக்கிற சீசனில் அந்த ரோட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் பாதி நாள் போய்விடும், அதனால் காலை ஒன்பதரைக்குள் போய்விடுவது நல்லது. ஞாயிறு லீவு. ஏசி வேலைக்கு மட்டும் போகாதீர்கள், ‘அது எனக்கு வராதுண்ணே’ என்று அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.